கண்டெடுத்தவருக்கு ஒரு பங்கு

2025 தீபாவளிக்கு வெளிவந்த ‘பைசன்’ திரைப்படத்தைத் திருநெல்வேலிச் சீமையில் பார்க்காதவர்கள் சொற்பமாகவே இருப்பார்கள். தாமிரபரணிப் பாசனத்தின் கடைப்பகுதியிலுள்ள மணத்தி என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்டு, 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்று, அர்ஜுனா விருதும் அடைந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய அந்தப் படத்தைக் கண்டு வந்தவர்கள், கதாநாயகனைப் பற்றியும், இயக்குநர் மாரி செல்வராஜைப் பற்றியும், தொண்ணூறுகளில் தென் மாவட்டங்களைப் பற்றி எரித்த ஜாதித் தீயைப் பற்றியும் நாள்கணக்கில் வாதித்தார்கள்; எல்லாம் வாதிக்க வேண்டிய விஷயங்கள்தாம். ஆனால் அதே படத்தில் ஓர் உடற்கல்வி ஆசிரியரும் வருகிறார். பையனிடம் இருக்கும் சக்தி இன்னதென்று பையனுக்கே தெரிவதற்கு முன்னால் கண்டுகொள்கிற மனிதர் அவர். அவரைப் பற்றித் தனியாக யாரும் விவாதித்ததாக என் காதில் விழவில்லை. திரைக்கு வெளியிலும் அவருடைய கதி அதுதான்: வீரனுக்கு விருதும், ஊர்வலமும், உத்தியோகமும், இக்காலத்தில் ஏலத்தில் கோடிகளும் கிடைக்கின்றன, அவனைக் கண்டெடுத்தவருக்கு, பிரிவுபசார விழாவில் ஒரு சால்வை கிடைத்தால் அதுவே அதிகம்.

இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் திறன் தேடும் காரியம் எப்படி நடைபெறுகிறது என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது சற்றுக் கடினம். பிசான நெல் அறுவடையாகி, மாசி பங்குனியில் வயல் காய்ந்து வெடிக்கும் தருணத்தில், அம்பாசமுத்திரம் முதல் ஆத்தூர் வரை ஆற்றின் இரு கரையிலும் உள்ள ஊர்களில் பையன்களுக்கு மைதானம் தானாகவே கிடைத்துவிடுகிறது. தொடர்ந்து கோவில் கொடைகள் வருகின்றன. கொடையை ஒட்டிக் கபடிப் போட்டி வைக்காத ஊரை ஊரென்று மதிக்காத ஒரு வழக்கம் இங்கே உண்டு. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியும்வரை, விளக்கு வெளிச்சத்தில், ஒலிபெருக்கியில் ஒருவர் வர்ணனை செய்துகொண்டே இருக்க, ஊர்ப் பெயரைப் பனியனில் எழுதிக்கொண்ட அணிகள் ஒன்றையடுத்து ஒன்றாக இறங்குகின்றன. கோப்பை யாருக்கு என்பதே கூட்டத்தின் கவலை. அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், விளக்குக் கம்பத்தருகே, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு மட்டும் கோப்பையைப் பற்றிச் சிந்தனையே இராது. பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியின் பி.டி. வாத்தியாராக இருப்பார், அல்லது ஒரு காலத்தில் மாநில அணிவரை போய், முழங்கால் போனதால் ஊர் திரும்பி, இப்போது ஒரு கடை நடத்துகிறவராக இருப்பார். தோற்ற அணியில் ஏழாவதாக நின்ற பையன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று விசாரித்துக்கொண்டு அவர் புறப்படுவதைக் காணலாம்.

அவர் எதைப் பார்க்கிறார்? ஜனங்கள் பாடிப் போகிறவனின் கையைப் பார்ப்பார்கள். அவர் காலைப் பார்ப்பார். கோட்டைத் தாண்டி உள்ளே நுழையும்போது பாரம் எந்தக் காலில் இருக்கிறது, திரும்பும்போது குதிகால் தரையில் பதிகிறதா, முப்பது விநாடிக்குள் மூச்சையும் அடியையும் எவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறான் என்பவையெல்லாம் அவருக்குச் சாஸ்திரம். பிடிக்கிற பையனாக இருந்தால், கணுக்காலைப் பற்றிய பிறகு விடுகிறானா, பக்கத்தில் நிற்பவன் வந்து சேரும்வரை வலியைப் பொறுத்துக்கொண்டு தொங்குகிறானா என்று கவனிப்பார். இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பார். தலையைக் குனிந்து மண்ணைக் கிளறுகிறவன் ஒரு ஜாதி. எதிரணியின் மூலையில் நிற்பவன் எப்பொழுது முன்னால் சாய்கிறான் என்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்து, மீண்டும் உள்ளே வந்தவுடன் அந்த மூலையையே தேடிப் போகிறவன் வேறு ஜாதி. மனிதர்களை ஜாதியாகப் பிரிப்பதற்கு எனக்குச் சம்மதமான ஒரே முறை இதுதான்.

வேடிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தச் சீமையில் ஓர் அணி என்பது பல சமயங்களில் ஒரு தெருவாகவும், ஒரு தெரு என்பது ஒரு ஜாதியாகவும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் ஜாதியைக் குறிக்கும் வண்ணக் கயிறுகள் கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. வகுப்பறையில் கயிற்றைக் கழற்றச் சொல்லி உத்தரவு போடலாம். உத்தரவு எவ்வளவு தூரம் போகும் என்பது வேறு விஷயம். ஆனால் கபடிக் களத்தில், இடமும் வலமும் நிற்கும் இருவர் கையோடு கை கோத்துக்கொள்ளாவிட்டால் எதிரி தப்பிவிடுவான் என்ற பிரத்தியட்சமான காரணத்தால், அந்தக் காரியம் ஒரு பிரசங்கமும் இல்லாமல் நடந்துவிடுகிறது. எந்தப் பையனை எந்தப் பையன் பக்கத்தில் நிறுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கிறது. வேற்றுத் தெருப் பையனைத் தேடிப்போய் அழைத்து வந்து அணியில் சேர்த்ததற்காக ஊர்ப் பெரியவர்களின் முகச்சுளிப்பை வாங்கிக் கட்டிக்கொண்ட ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு; அவர்களுடைய தைரியத்தை எந்தச் சான்றிதழும் பதிவு செய்ததில்லை.

திறன் தேடும் இந்தக் காரியத்தை ஜீவனோபாயமாகவே நடத்துகிற தேசம் அமெரிக்கா. அங்கே பேஸ்பால் அணிகள் ஒவ்வொன்றும், பள்ளிக்கூட மைதானங்களையும் கல்லூரி மைதானங்களையும் சுற்றிவருவதற்கென்றே ஸ்கவுட்டுகளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கின்றன. ரே பாய்ட்டவின்ட் என்பவர் அவர்களில் பேர் போனவர். லாஸ் ஏஞ்சலிஸின் ஒரு பள்ளியில் ஆடிக்கொண்டிருந்த எடி மர்ரி என்ற இளைஞரை 1973-இல் பால்டிமோர் அணிக்குக் கொண்டுவந்தவர். மர்ரி பின்னாளில் அவ்விளையாட்டின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இந்தப் பாய்ட்டவின்ட்டே 2008-இல் முதிர்ந்த வயதில் இந்தியாவுக்கு வந்தார். பந்தை அதிவேகமாகவும் குறி தவறாமலும் எறியக்கூடிய இளைஞரைத் தேடி நம் நாட்டின் பல நகரங்களில் நடைபெற்ற போட்டியில், முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கை முயன்றனர். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவர் தேர்ந்தெடுக்கப்பட்டு அமெரிக்கா சென்றனர். டாம் ஹவுஸ் என்ற பயிற்சியாளர் சில மாதங்கள் அவர்களைப் பயிற்றுவித்தார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஸ்தாபனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014-இல் இது ஆங்கிலத் திரைப்படமாகவும் வந்தது.

இருவரும் கீழ்நிலை லீகுகளில் ஆடினார்கள். உச்ச லீகை எட்டவில்லை. இதைச் சிலர் தோல்வி என்று எண்ணுவதுண்டு. எனக்கோ அதில் ஒரு பாடம் தென்படுகிறது. எறியும் வேகத்தைக் கருவி வைத்து ஒரு பிற்பகலில் அளந்துவிடலாம். ஆனால் பத்து வயதிலிருந்து தினந்தோறும் மாலையில் ஒருவர் கூட நின்று, இவ்வாறு ஆடினால் இவ்வாறு ஆகும் என்று காட்டிக் காட்டி உண்டாக்கும் ஆட்ட விவேகத்தை எந்தக் கருவியும் தந்துவிடாது. கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. வளர்ப்பது பத்து வருஷ வேலை. அமெரிக்கர்கள் வந்து முதல் வேலையைச் செவ்வையாகச் செய்தார்கள். இரண்டாவது வேலைக்கு வேண்டிய மைதானமும் மனிதர்களும் பேஸ்பாலைப் பொறுத்தவரை இங்கே அப்போது இல்லை.

கபடிக்கும், ஹாக்கிக்கும், கிரிக்கெட்டுக்கும் அந்த மனிதர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் வந்த வழியும் ஓர் அமெரிக்கரிடம் போய் முடிவது ஒரு வினோதம். ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் தேகப்பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் குழுவின் மேலாளராகவும் இருந்தார், 1943-இல் காலமானார். அங்கே பயின்று வெளிவந்த டிரில் மாஸ்டர்கள் மாகாணத்தின் பல பள்ளிகளுக்கும் சென்று பரவினார்கள். இன்று திருச்செந்தூரிலேயே டாக்டர் சிவந்தி ஆதித்தனார் பெயரில் ஓர் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது; ஆற்றின் முகத்துவாரத்துப் பிள்ளைகள் சென்னைக்குப் போகாமலே அந்தப் படிப்பைப் படிக்கலாம். படித்த பிறகு உத்தியோகம் எங்கே என்பதுதான் கேள்வி.

2012-இல் அரசுப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர்களாகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நியமிக்கப்பட்டார்கள். ஓவியமும் தையலும் கற்பிப்பவர்களோடு உடற்கல்வி கற்பிப்பவர்களும் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதத்துக்கு 5,000 ரூபாய் என்ற கணக்கில் ஆரம்பித்தார்கள். தொகை அவ்வப்போது சிறிது சிறிதாக ஏறியது. பணி நிரந்தரம் வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் ஆட்சிகள் மாறியும் போராட்டப் பந்தல்களில் தொடர்ந்தது. மூன்று அரைநாளில் ஒரு குழந்தையின் கால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எவரால் கவனிக்க முடியும்? அந்த மூன்று அரைநாளிலும், பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்கிறார். அந்தக் கடன் திருப்பிச் செலுத்தப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் குறுவட்டப் போட்டிக்கு அணியைத் தயார் செய்து, பெற்றோரைக் கெஞ்சிக் கையெழுத்து வாங்கி, பஸ்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அழைத்துவந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீட்டில் சேர்க்கிறார்கள் அந்த ஆசிரியர்கள். வ.உ.சி. மைதானத்திலும் அண்ணா விளையாட்டரங்கிலும் இத்தகைய போட்டி நடக்கும் ஒரு நாளில் போய் நின்று பார்த்தவர்களுக்கு நான் மிகைப்படுத்தவில்லை என்பது விளங்கும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது அநியாயம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களை ஓட்டம், தாண்டுதல், குண்டு எறிதல் ஆகியவற்றில் சோதித்துப் பார்க்கும் உலகத் திறனாய்வு உடற்திறன் தேர்வு என்ற திட்டம் உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் உண்டு. அவற்றின் பலனைக் கோவில்பட்டியில் கண்ணாரக் காணலாம். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த அந்தக் கரிசல் நகரத்தில், கட்டாந்தரையில் ஹாக்கி ஆடி வளர்ந்த ஒரு பரம்பரை இருக்கிறது. அதற்கு மேல்தான் விடுதியும் செயற்கைப் புல்தரையும் வந்து அமர்ந்தன. அந்த ஊரின் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் ஒருசேர இடம் பெற்றார்கள். அரியலூர்ப் பையன் கோவில்பட்டிக்கு வர வேண்டும் என்று முதலில் யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்க வேண்டுமல்லவா? தேர்வுப் போட்டியில் உயரத்தை அளக்கவும் ஓட்ட நேரத்தைக் குறிக்கவும் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளையைத் தேர்வுக்கு அழைத்துப் போவது என்ற முதல் தேர்வு அதற்கு முன்பே, ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தில், ஒரே ஒரு மனிதரின் அபிப்பிராயத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. அவர் கண்ணில் படாத பிள்ளைக்கு விடுதியும் இல்லை, புல்தரையும் இல்லை.

அப்படி ஒரு மனிதரின் பெயர் நாடறியத் தெரிந்தது என்றால், அது ஒரு வீரனுடைய நன்றியுணர்ச்சியால் தெரிந்ததேயன்றி எந்தச் சட்டத்தாலும் அன்று. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த நடராஜனைக் கண்டெடுத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தவர் அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ். 2015-இல் ரஞ்சிப் போட்டியில் அறிமுகமான கையோடு பந்துவீச்சு முறையின் மேல் சந்தேகம் கிளப்பப்பட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஊருக்குத் திரும்பியிருக்கக்கூடிய தருணத்திலும் விடாமல் முறையைத் திருத்திக்கொண்டு மீண்டார் நடராஜன். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் நின்றவரைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020 நவம்பரில் தொடங்கிய ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் பன்னாட்டு ஆட்டங்களிலும் அறிமுகமானார். 2025-ஆம் ஆண்டுப் போட்டிக்கான ஏலத்தில் டெல்லி அணி அவருக்குக் கொடுத்தது 10.75 கோடி. தம்முடைய குருவின் பெயரெழுத்துகளைச் சட்டை முதுகில் தம் பெயரோடு சேர்த்தே எழுதிக்கொண்டார். சின்னப்பம்பட்டியில் சொந்த முயற்சியில் ஒரு மைதானமும் அமைத்து 2023-இல் திறந்தார். இத்தகைய உத்தமமான சிஷ்யனை அடைந்த ஜெயப்பிரகாஷ் பாக்கியசாலி. ஆனால் ஒரு நாட்டின் விளையாட்டைச் சிஷ்யர்களின் நற்குணத்தை நம்பியே நடத்திவிட முடியுமா?

நம் ஊரிலும் ஏலம் வந்துவிட்டது. தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த சங்கரலிங்க ஐயர் 1946-இல் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை அமைந்தது தாழையூத்துக்கு அருகே. அவர் பெயரையே தாங்கிய சங்கர்நகரின் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் போட்டிகள் நடக்கின்றன. 2023 ஜூலையில் இறுதி ஆட்டமே அங்கேதான் நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸைக் கோவை அணி வென்றது. அந்த ஆண்டிலிருந்து வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள். நெல்லை என்ற பெயர் சட்டையில் இருப்பதாலேயே சட்டைக்குள் இருப்பவரும் நெல்லைக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். பல மாவட்டத்துப் பையன்கள். அதில் குற்றமில்லை. கபடியில் 2014 முதல் புரோ லீக் நடைபெறுகிறது. 2022-இல் பவன் ஷெராவத்தை 2.26 கோடி கொடுத்து எடுத்தது நம் தமிழ் தலைவாஸ் அணிதான். இவ்வளவு பெரிய தொகைகள் கைமாறும் சந்தையில், அந்த வீரர்கள் பன்னிரண்டாம் வயதில் ஆடிய மண் களத்துக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகை எவ்வளவு என்று கேட்டால், பூஜ்யம் என்பதே பதில். வாழைத்தாரை எடை போட்டுக் கோடிகளைக் கொட்டுகிறோம். கன்று நட்டுத் தண்ணீர் பாய்ச்சியவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார்.

கால்பந்து உலகம் இந்த அநீதியை ஓரளவு தீர்த்துவைத்திருக்கிறது. பன்னாட்டுக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2001-இல் ஒரு விதி செய்தது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் ஒரு தேசத்துக் கழகத்திலிருந்து வேறொரு தேசத்துக் கழகத்துக்கு விலை பேசி மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம், அவரைப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துமூன்று வயதுவரை பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும்: பதினைந்து வயதுவரையுள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் கால் சதவீதம், அதற்குப் பிந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை சதவீதம். எங்கோ ஒரு தென்னமெரிக்கச் சேரியின் சிறு கழகம், தன்னிடம் சிறுவனாக ஆடியவன் ஐரோப்பாவில் விலைபோன ஒரு நாளில், புதிய மைதானமே போடக்கூடிய தொகையைப் பெறுவது இந்த விதியால்தான்.

இதை இங்கே அப்படியே பெயர்த்து வைக்க முடியாது என்பதை நான் அறிவேன். ஐ.பி.எல். ஏலத் தொகை ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்குக் கொடுக்கும் விலை அன்று. அது வீரருடைய சம்பளம். அதில் கை வைத்தால், நேற்றுவரை பஸ்ஸுக்குக் காசில்லாமல் இருந்த ஒருவரின் சம்பாத்தியத்தில் கை வைத்ததாகும். ஆகவே பங்கை வீரரிடம் பிடித்தம் செய்யாமல், அணியின் முதலாளி அதற்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும். நடராஜனுக்குக் கொடுத்த 10.75 கோடிக்கு 5 சதவீதம் என்றால் 53.75 லட்சம், ஷெராவத்தின் 2.26 கோடிக்கு 11.3 லட்சம். ஓர் அணி ஒரு பருவத்தில் விளம்பரத்துக்கும் ஓட்டலுக்கும் விமானத்துக்கும் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய பாரமாகத் தோன்றாது. ஆனால் பதினோரு லட்சம் ரூபாய் ஒரு கிராமத்துப் பள்ளிக்குக் கிடைத்தால் கபடி ஆடுவதற்கு மேட் வாங்கலாம். மண்ணில் மட்டுமே ஆடிப் பழகிய நம் பிள்ளைகள் மாநிலத் தேர்வில் முதல் முறையாக மேட்டில் கால் வைத்து, ஷூ அணிந்த பாதம் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல் தடுமாறி, முதல் சுற்றிலேயே வெளியேறும் பரிதாபத்தை அறிந்தவர்களுக்கு அந்த மேட்டின் அருமை விளங்கும்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதிப்பது நேர்மை ஆகாது. கண்டெடுத்தவருக்குப் பணம் என்று விதி செய்தால், கண்டெடுப்பதே ஒரு வியாபாரமாகிவிடாதா? ஆகும், ஆகியிருக்கிறது. டொமினிகன் குடியரசில் பதினாறு வயதுப் பையன்களை அமெரிக்க பேஸ்பால் அணிகள் ஒப்பந்தம் செய்கின்றன. அவர்களைச் சிறு வயதிலேயே சேர்த்துச் சோறு போட்டுப் பயிற்றுவித்து, ஒப்பந்தத் தொகையில் பெரும் பங்கு எடுத்துக்கொள்ளும் தரகர்கள் அங்கே புஸ்கோன்கள் எனப்படுகிறார்கள். அவர்களில் தந்தையைப் போன்றவர்களும் உண்டு. பையனுக்கு ஊக்க மருந்து ஏற்றுகிறவர்களும், பிறப்புச் சான்றை மாற்றுகிறவர்களும் உண்டு. 2006-இல் பதினாறு வயது என்று நம்பி வாஷிங்டன் அணி 14 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த ஒருவருக்கு அப்போதே நான்கு வயது கூடுதல் என்பதும், பெயரே வேறு என்பதும் 2009-இல் அம்பலமாயின. நம் நாட்டிலும் வயதைக் குறைத்துக் காட்டும் வித்தை தெரியாததில்லை. பதினாறு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட்டில் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சரிபார்க்கும் நிலைக்கு வாரியம் வந்திருக்கிறது.

ஆகையால் பங்கின் பெரும் பகுதி தனி மனிதருடைய கைக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. அது அந்த வீரர் பன்னிரண்டு வயதிலிருந்து படித்த பள்ளிக்கும், ஆடிய பதிவு பெற்ற கழகத்துக்கும், மைதானத்துக்கென்றும் உபகரணத்துக்கென்றும் மட்டும் செலவிடத்தக்க தனிக் கணக்கில் சேர வேண்டும். ஒரு சிறு பகுதி மட்டும் ஆசிரியருக்கோ பயிற்சியாளருக்கோ, பகிரங்கமாக, ரசீதோடு, வீரரின் ஒப்புதலோடு கொடுக்கப்பட வேண்டும். யார் கண்டெடுத்தார் என்பதற்குச் சாட்சி எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சாட்சி ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. குறுவட்டப் போட்டியிலும், வருவாய் மாவட்டப் போட்டியிலும், குடியரசு தினப் போட்டியிலும், பாரதியார் தினப் போட்டியிலும் ஒரு மாணவன் கலந்துகொள்ளும்போது பள்ளியின் பெயரும் வயதும் ஒவ்வொரு முறையும் எழுதப்படுகின்றன. அணியை அழைத்துவந்த ஆசிரியரின் பெயரையும் ஒரு வரி சேர்த்து எழுதி, அந்தக் காகிதங்களை அலமாரியில் கரையானுக்கு விடாமல் கணினியில் ஏற்றி வைத்தால் போதும். பன்னிரண்டு வயதில் பதிவான பிறந்த தேதியைப் பதினெட்டு வயதில் திருத்துவதும் அதனால் கடினமாகிவிடும். ஆட்சேபத்துக்கு அதுவே பாதி சமாதானம்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்று திரும்பிய சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. கொடுத்தது தர்மம், மகிழ்ச்சி. பதக்கம் வந்த பிறகு பொழியும் அந்தத் தாராளத்தில் நாலில் ஒரு பாகத்தையாவது, பதக்கம் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், மாலை ஐந்து மணிக்கு மைதானத்தில் நிற்கிறவருக்குச் சம்பளமாகக் கொடுத்தால், கண்ணகி நகரங்கள் இன்னும் பல கிடைக்கும். பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர்களை முழுநேரமாக்குவது அரசின் வேலை. அதற்குப் பணமும் காலமும் தேவைப்படும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஐந்து சதவீத விதிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. ஐ.பி.எல்.லும் புரோ கபடியும் தேசம் முழுவதற்குமானவை; அவற்றை அசைக்கப் பல கைகள் வேண்டும். டி.என்.பி.எல். முழுக்க முழுக்க நம் மாநிலத்தினுடையது. அதன் ஏல விதிகளை எழுதும் அதிகாரம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தினிடமே இருக்கிறது. அடுத்த ஏலத்துக்கு முன்னால் அந்த ஒரு விதியைச் சங்கம் எழுதிச் சேர்க்க வேண்டும். அதுவரையில், இதைப் படிக்கிற தலைமையாசிரியர்கள் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்குக் கடன் கொடுக்காமலாவது இருக்க வேண்டும்.